கடலில் தெரியாத பிறை

நான் வரைந்த பிறை தப்பு என்று கோவளத்தில் ஓர் அம்மாள் சொன்னதால்தான் நீங்கள் மூன்று பேரும் செங்கல்பட்டில் வளர்ந்தீர்கள். இல்லையென்றால் பெரம்பூரில் வளர்ந்திருப்பீர்கள், நானும் அதற்குப் பிறகு பிரஷ்ஷைத் தொட்டிருக்க மாட்டேன். இந்தக் கதையை நீங்கள் கேட்டபோதெல்லாம் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். கட்டுமரத்தில் போன இடம் வந்ததும் எனக்கு வார்த்தை நின்றுவிடும். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். வாயால் வராதது எழுதினால் வருமோ என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

கல்யாணமான புதிதில் செங்கல்பட்டில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். படம் எடுப்பது முதலாளி. என் வேலை டச்சப். அப்போது எல்லாம் கறுப்பு வெள்ளைதான். முகத்தில் அம்மைத் தழும்பு இருந்தால் மெல்லிய பிரஷ்ஷால் மறைப்பேன். படம் எடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டவர்களுக்குக் கண்ணைத் திறந்து வைப்பேன். கல்யாணப் பெண் என்றால் உதட்டுக்கும் புடவைக் கரைக்கும் வண்ணம் ஏற்றுவேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு நாள் முதலாளி கடையைக் காலி செய்துவிட்டு மகனோடு இருக்கப் போய்விட்டார். போகும்போது வண்ண டப்பாக்களையும் பிரஷ்களையும், ஒரு கட்டு பழைய பிலிம் நெகடிவ் தகடுகளையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்போது பெரியவள் உங்கம்மா வயிற்றில் இருந்தாள். நான்காவது மாதம்.

உங்கள் மாமா நல்ல மனிதர். தகவல் தெரிந்ததும் பெரம்பூரில் தான் வேலை பார்த்த தொழிற்சாலையில் எனக்கு ஒரு ஹெல்பர் வேலை சொல்லி வைத்துவிட்டார். தீபாவளி முடிந்ததும் வந்து சேர வேண்டும். அங்கே ஆண்கள் சேர்ந்து தங்குகிற அறையில் எனக்கும் ஒரு பாய் விரிக்க இடம். உங்கம்மா பிரசவம் முடிகிற வரை கருங்குழியில் அவள் தாய் வீட்டில். எல்லாம் அவர் பேசி முடித்துவிட்டார்.

"நீ இன்னா சொல்ற?" என்று உங்கம்மாவைக் கேட்டேன்.

"நா இன்னா சொல்றது? வேல கெடச்சா போவணும்."

"அப்ப பிரஷ்ஷு?"

"பிரஷ்ஷ இன்னா சோத்துல கொழச்சா துன்றது?"

அவள் கொஞ்ச நேரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு முறத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"தீபாளி வரிக்கும் நாளு கீது இல்ல? அந்த பாயி கேட்டாரே கார்டு, அத செஞ்சி பாரு. நின்னுதுன்னா இங்கியே இரு. இல்லாங்காட்டி மூட்டய கட்டிகினு எங்கண்ணனாண்ட போ. ரெண்டுல ஒண்ணு. நடுவுல நின்னுகினு என் உசுர வாங்காத."

அந்த பாய் யார் என்று சொல்கிறேன். ஸ்டுடியோவில் இருந்தபோதே பொங்கலுக்குக் கையால் வாழ்த்து அட்டை வரைந்து புதுப்பட்டினத்தில் ஒரு கடையில் கொடுப்பேன். கல்பாக்கத்தில் அணு மின் நிலையம் கட்ட வந்திருந்த குடும்பங்கள் அதை வாங்கித் தங்கள் ஊருக்கு அனுப்புவார்கள். அந்தப் புதுப்பட்டினம் கடைக்காரரின் சகலைதான் இந்த பாய். கோவளத்தில் துணிக்கடை வைத்திருந்தார். துணியோடு சோப்பு, சீப்பு, வாழ்த்து அட்டை எல்லாம் இருக்கும். என் பொங்கல் அட்டையைப் பார்த்துவிட்டு, ரம்ஜானுக்குப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்.

மாதிரிக்கு ஓர் அட்டையும் கொடுத்தார். பம்பாயில் அச்சடித்தது. கடல், அதன் மேல் கருநீல வானம், அதில் அரிவாள் மாதிரி நிமிர்ந்து நிற்கும் தங்கப் பிறை, பிறையின் வளைவுக்குள் ஒரு நட்சத்திரம்.

"இதத்தான் வருசா வருசம் விக்கிறேன். நம்ம ஊரு ஆளுங்கோ சிங்கப்பூர்ல, பினாங்குல கீறாங்கோ. அவங்களுக்கு அனுப்பறதுக்கு வாங்கறாங்கோ. நீ நம்ம தமிழ்ல எழுதி, நம்ம ஊரு மாதிரி போட்டுகினு வா. ஓடிச்சின்னா வருசம் பூரா உன்னாண்டயே எடுத்துக்கறேன். ஓடலன்னா என்னைக் கொற சொல்லக்கூடாது" என்றார் பாய்.

நான் ஒரு வாரம் உட்கார்ந்து இரண்டு மாதிரி வரைந்தேன். பம்பாய் அட்டையை அப்படியே வைத்துக்கொண்டு, கடற்கரையில் கட்டுமரங்களைச் சேர்த்தேன். ஓரத்தில் கோவளம் பள்ளிவாசலைச் சேர்த்தேன். பிறையையும் நட்சத்திரத்தையும் இன்னும் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். உள்ளே எட்டு வரியில் எதுகை மோனையோடு ஒரு வாழ்த்து எழுதினேன். உங்கம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"இது வாழ்த்தா, எலெக்சன் நோட்டீசா?" என்றாள்.

நான் கோபித்துக்கொண்டு அட்டைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். திருப்போரூர் போய், அங்கிருந்து கேளம்பாக்கம் வழியாகக் கோவளம். வழியெல்லாம் அந்தத் துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, பாய் என்ன சொல்லுவார் என்பதையே நினைத்துக்கொண்டு போனேன்.

பாய்க்குப் பிடித்திருந்தது. அட்டையைத் தூக்கிப் பிடித்து, "பள்ளிவாச அப்டியே கீது" என்றார். எனக்கு டீ சொல்லி அனுப்பினார். அந்த நேரத்தில்தான் அவருடைய தங்கை கடைக்கு வந்தார். அவர் கணவர் சிங்கப்பூரில் வேலையாக இருந்தார். வருஷக் கணக்கில் ஊருக்கு வராதவர். அவருக்கு அனுப்பத்தான் அட்டை பார்க்க வந்தார்.

என் அட்டையை வாங்கி, கையை நீட்டி எட்டப் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணே, இது எந்த ஊரு?"

"இன்னா எந்த ஊரு? கண்ணு தெரியலயா உனக்கு? நம்ம ஊருதான். பள்ளிவாச கீது பாரு. கட்டுமரம் கீது பாரு."

"அது கீது. நம்ம ஊருல பிறை என்னிக்கி கடல் மேல தெரிஞ்சிது?"

பாய் அட்டையை வாங்கினார். கடை வாசலுக்குப் போய்க் கடலைப் பார்த்தார். திரும்பி மேற்கே, கால்வாய்ப் பக்கம் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அட ஆமா. இத்தினி வருசமா நா விக்கிறேன், எனக்குத் தோணலயே இது."

"உனுக்கு எதுதான் தோணிச்சி?" என்றார் தங்கை.

உங்களுக்குப் புரிகிறதா? பிறை பார்ப்பது சூரியன் மறைந்த உடனே. சூரியன் போன வழியிலேயே, அதற்குக் கொஞ்சம் மேலே, மேற்கில்தான் அது தெரியும். நமக்குக் கடல் கிழக்கில் இருக்கிறது. சாயங்காலப் பிறை நம் கடலுக்கு மேல் தெரிய வழியே இல்லை. பம்பாய்க்காரனுக்குக் கடல் மேற்கில். அவன் வரைந்தது அவன் ஊருக்குச் சரி. அதை நான் தூக்கிவந்து கோவளத்துக் கடல் மேல் வைத்துவிட்டேன்.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், நான் பிறை பார்க்காதவன் இல்லை. சின்ன வயதில் மூன்றாம் பிறை அன்றைக்கு என் அம்மா எங்களைத் தெருவுக்கு அழைத்துப் போய் மேற்கே காட்டுவாள். பிறை பார்த்த கண்ணால் அடுத்து ஒரு நல்ல முகத்தைப் பார்க்க வேண்டும் என்று, என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொள்வாள். அத்தனை மாதம் பார்த்திருக்கிறேன். வரைய உட்கார்ந்தபோது கண் அதையெல்லாம் விட்டுவிட்டு அச்சடித்த அட்டையை மட்டும் பார்த்திருக்கிறது.

பாயின் தங்கை என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

"கொற சொல்றேன்னு நெனைக்காதீங்க. போன வருசம் பம்பாய் கார்டுதான் அனுப்புனேன். அவரு ரூமுல செவுத்துல மாட்டிகினாராம். கூட கீறவங்கல்லாம், இதான் உங்க ஊரான்னு கேட்டாங்களாம். ஆமான்னு சொல்ல வாய் வரல, இல்லன்னு சொல்ல மனசு வரல, சும்மா இருந்துட்டேன்னு எழுதியிருந்தாரு. இந்த வருசமாச்சும் ஆமான்னு சொல்லட்டுமேன்னுதான் கேக்கறேன்."

எனக்கு அந்த நிமிஷம் பெரம்பூர் அறையும் அதில் விரித்த பாயும் கண்ணுக்குத் தெரிந்தன. நானும் ஒரு சுவரில் எதையாவது மாட்டிக்கொண்டு படுத்திருப்பேன் என்று தோன்றியது.

"நாளிக்கி சாயங்காலம் பிறை பாக்கற நாளு. தெரிஞ்சா நோம்பு ஆரம்பம். இருந்து பாத்துட்டுப் போ" என்றார் பாய். கேளம்பாக்கம் போகிற பஸ் கண்டக்டரிடம் உங்கம்மாவுக்குத் தகவல் சொல்லி அனுப்பினேன். அந்தத் தகவல் வீட்டுக்கு இன்னும் வரவில்லை. கடையிலேயே துணி மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் ஊரே கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கால்வாய்ப் பக்கம் நடந்தது. பெரியவர்கள், தோளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டவர்கள், வாசற்படிகளில் முக்காட்டோடு நிற்கிற பெண்கள். மீன்காரர்களும் வந்து நின்றார்கள். சூரியன் பனைமரங்களுக்குப் பின்னால் இறங்கியது. பேச்சு மெல்ல மெல்லக் குறைந்தது.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் யாரோ மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொருவர். கூட்டம் முழுக்க அந்த மூச்சு காற்று மாதிரி பரவியது.

"அதோ, ரெட்டப் பன கீது பாரு. அதுக்கு மேல ரெண்டு வெரக்கட. கண்ண சுருக்காத, சும்மா வுடு" என்றார் பாய்.

கண்ணைச் சும்மா விட்டேன். தெரிந்தது.

பிள்ளைகளே, நான் டச்சப் செய்தவன். இரண்டு மயிர் மட்டும் வைத்த பிரஷ்ஷால் கண் இமை போடத் தெரிந்தவன். அந்தக் கோட்டை என்னால் போட முடியாது. அவ்வளவு மெலிவு. கண்ணை அந்தப் பக்கம் நகர்த்தினால் காணாமல் போகிறது, மறுபடி தேடினால் அங்கேயே இருக்கிறது. வானமும் நான் போட்டது மாதிரி கருநீலம் இல்லை. கீழே மாம்பழத் தோல் நிறம், அதற்கு மேல் பெயர் சொல்லத் தெரியாத ஒரு வெளிர் பச்சை, அதற்கு மேல்தான் நீலம். பிறை நிமிர்ந்து நிற்கவும் இல்லை. மல்லாந்து சாய்ந்து கிடந்தது.

கொஞ்ச நேரம்தான். பனை ஓலைக்குள் இறங்கிப் போய்விட்டது. கூட்டம் ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்லிக்கொண்டு கலைந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பாய்தான் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

கடையில் உட்கார்ந்து பென்சிலால் போட்டுப் பார்த்தேன். அப்போதுதான் இன்னொரு சிக்கல் தெரிந்தது. பிறையைப் பார்த்து நின்றால் கடல் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. படத்தில் பனைமரமும் கால்வாயும்தான் வருகின்றன. அது எந்த ஊராகவும் இருக்கலாம். கடலைப் போட்டால் பிறை இல்லை. பிறையைப் போட்டால் கடல் இல்லை.

"கடல் இல்லாம கோவளமா?" என்றார் பாயின் தங்கை. அவரும் கவலையோடு அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடையில் லுங்கி எடுக்க வந்திருந்த ஒரு மீன்காரர், என் வயதுதான் இருக்கும், லுங்கியை விரித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பேஜாரு? கடலுக்குள்ளாற போயி நின்னுகினு ஊரப் பாரு. கடலும் தெரியும், ஊரும் தெரியும், பின்னால பிறையும் தெரியும்."

நாங்கள் மூன்று பேரும் அவரைப் பார்த்தோம்.

"இன்னா அப்டிப் பாக்கறீங்கோ? நாங்க டெய்லி அங்கேர்ந்துதான் பாக்கறோம். இந்த லுங்கி சாயம் போவுமா பாய்?"

மறுநாள் சாயங்காலம் அவரும் அவர் தம்பியும் என்னைக் கட்டுமரத்தில் ஏற்றினார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. அதைச் சொன்னேன்.

"தெரியலன்னா நல்லது அண்ணாத்த. தெரிஞ்சவந்தான் குதிப்பான். நீ மரத்த வுட மாட்ட" என்றார் அவர். இருந்தாலும் என் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி மரத்தோடு முடிந்தார்.

"வரையறதுக்கு பேப்பரு எடுத்துகினு வந்தியா?" என்றான் தம்பி.

"வந்தேன்."

"வூட்டுக்குப் போயி பாத்துக்க. இப்ப ரெண்டு கையாலயும் கயித்தப் புடி."

முதல் அலை என் மேல் ஏறி இறங்கியது. காகிதம் சட்டைக்குள் கூழாகிவிட்டது. இரண்டாவது அலையில் மரத்தின் மூக்கு வானத்தைப் பார்த்துத் தூக்கியது. உங்கம்மாவையும், வயிற்றில் இருந்த பெரியவளையும் நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாவது அலைக்குப் பிறகு சத்தம் எல்லாம் பின்னால் போய்விட்டது. மரம் மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. துடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"இப்ப திரும்பிப் பாரு" என்றார்.

திரும்பினேன்.

முழு ஊரும் ஒரு விரல் உயரத்துக்கு இருந்தது. நான் நடந்த தெரு, பாயின் கடை, டீ குடித்த இடம், எல்லாம் சேர்ந்து மணலுக்கும் மரங்களுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோட்டில் பள்ளிவாசல் மினாரா எழுந்திருந்தது, மாதா கோயில் சிலுவை எழுந்திருந்தது. தென்னை மரங்கள் கறுப்பாகிவிட்டன. மணலில் கிடந்த கட்டுமரங்கள் கறுப்பாகிவிட்டன. அவற்றுக்குப் பின்னால் வானம் பற்றி எரியாமல் எரிந்தது. அந்த வெளிச்சம் ஊரைத் தாண்டி, மணலைத் தாண்டி, எங்கள் மரம் வரைக்கும் தண்ணீரில் நடந்து வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே பிறை.

நேற்றைவிடக் கொஞ்சம் தடித்திருந்தது. சூரியன் போன பக்கம், கீழே, அதன் வயிறு. ஒரு முனை மேலே தூக்கியிருந்தது. அலை மேல் ஏறும்போது எங்கள் மரம் எப்படி மூக்கைத் தூக்கியதோ அப்படியே. இன்னொன்றும் பார்த்தேன். பிறையின் வளைவுக்குள் வெறும் வானம் இல்லை. மீதி நிலவு முழுவதும் சாம்பல் பூத்த மாதிரி மங்கலாக அங்கேயே இருந்தது. உருண்டையாக, முழுசாக. அந்த இடத்தில்தான் நான் ஒரு நட்சத்திரத்தைக் கொண்டுபோய் வைத்திருந்தேன். நிலவுக்குள்ளேயே நட்சத்திரம்.

அண்ணன் துடுப்பை நிறுத்திவிட்டார். பள்ளிவாசலிலிருந்து பாங்கு சத்தம் தண்ணீர் மேல் தேய்ந்து தேய்ந்து வந்தது. எனக்குப் பயம் எப்போது போனது என்று தெரியவில்லை. கயிற்றை விட்டிருந்தேன். இவ்வளவு பெரியது தினமும் நடக்கிறது, நாம் பஸ்ஸுக்கும் அரிசிக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தேன். இதையெல்லாம் ஒரு கை அகல அட்டையில் எப்படிக் கொண்டுபோவது என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

"இன்னா அண்ணாத்த, உப்புத் தண்ணி கண்ணுல பட்டுடிச்சா?" என்றான் தம்பி.

"ஆமா" என்றேன்.

"எல்லாருக்கும் படும். கர திரும்பி வர்றப்ப இப்டித்தான் தெரியும். இதப் பாத்துட்டா அப்பால வூட்டுக்கு வந்த மாதிரிதான்" என்றார் அண்ணன்.

நான் செங்கல்பட்டு வந்து சேர்ந்தபோது உங்கம்மா வாசலில் நின்றிருந்தாள்.

"எங்கய்யா போன? மூணு நாளு ஆவுது. சட்டையெல்லாம் உப்பு பூத்து கீது. கடல்ல வியுந்தியா?"

"வியல. கட்டிகினு போனாங்கோ."

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். சொல்லி முடித்த பிறகு, "உள்ள இன்னா எழுதப் போற?" என்றாள்.

"ஒண்ணும் வரமாட்டேங்குது. அந்த எட்டு வரி வாணாம்."

"நீ இன்னா பாத்த?"

"பிறை பாத்தேன்."

"அத எழுது. அத பாக்கறப்ப யாரு நெனப்பு வந்துதோ அதயும் எழுது. அவ்ளோதான வாழ்த்து."

அப்படித்தான் அந்த வரி வந்தது. 'நம் ஊரில் பிறை பார்த்தோம். உங்களை நினைத்தோம்.' அதற்குக் கீழே ரம்ஜான் பெருநாள் வாழ்த்துகள். எட்டு வரிக்குப் பதில் இவ்வளவுதான். முதல் வரி நான் பார்த்தது. இரண்டாவது உங்கம்மாவுடையது.

ஒவ்வொரு அட்டையையும் தனித்தனியாக வரைய நேரம் இல்லை. நெகடிவ் தகடுகளை எடுத்தோம். அதில் மரமும் மினாராவும் படகும் பிளேடால் வெட்டி எடுத்து, அட்டை மேல் வைத்து, வண்ணத்தைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி ஏற்றுவது. பிறைதான் கஷ்டம். அந்த மெலிவை எந்த வண்ணத்தால் போட்டாலும் தடித்துவிடுகிறது. கடைசியில் பிறைக்கு நான் வண்ணமே வைக்கவில்லை. பிறை அளவுக்கு ஒரு துண்டை வெட்டி அட்டை மேல் ஒட்டிவைத்து, சுற்றி வானத்தை ஏற்றிவிட்டு, துண்டை எடுத்தால் அடியில் அட்டையின் வெள்ளை அப்படியே நிற்கும். அதுதான் பிறை.

அந்தத் துண்டை வெட்டியது உங்கம்மா. என் கை அவசரப்பட்டு உடைத்துவிடும். அவள் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். யாரோ ஒரு மாப்பிள்ளையின் முகம், நெகடிவில் மீசை வெள்ளையாக, பல் கறுப்பாக.

"யாருய்யா இது?"

"தெரில. நல்லா வரலன்னு வேற படம் எடுத்துகினு போய்ட்டாரு."

"இவரு நெத்தியிலதான் எடம் கீது" என்று சொல்லிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த நெற்றியிலிருந்து ஒரு பிறையை வெட்டி எடுத்தாள். நகத் துண்டு மாதிரி இருந்தது. உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டினாள். அவளும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் அட்டையில் அந்தத் துண்டை ஊசி முனையால் நெம்பி எடுத்தபோது இரண்டு பேரும் குனிந்திருந்தோம். பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் வெள்ளையாக, ஒரு முனை தூக்கி, அது இருந்தது. உங்கம்மா அட்டையை எடுத்துப் போய் அலமாரி மேல் சாய்த்து வைத்துவிட்டு வந்து அடுத்த அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

அட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாய் பார்த்துவிட்டு, "பாப்போம்" என்றார். அவ்வளவுதான். இன்னொரு தடவை கேட்டபோதும், ஒரே பேச்சு, "நோம்பு முடியட்டும், பாப்போம்."

அந்த வருஷம் தீபாவளியும் ரம்ஜானும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. தீபாவளி முடிந்தது. பெரம்பூரிலிருந்து மாமா, எப்போது வருகிறாய் என்று ஆள் அனுப்பினார். உங்கம்மா என் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். பிரஷ்களை வைக்கவில்லை. கேட்டால், "அது இங்க கெடக்கட்டும், நீ வந்தா எடுத்துக்க" என்றாள். அவள் குரல் சரியாக இல்லை. கோவளத்தில் ஓர் எட்டுப் பார்த்துவிட்டு அங்கிருந்தே மதராஸ் பஸ் ஏறிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மழை பிடித்துக்கொண்டிருந்தது. பெருநாளுக்கு முந்தின சாயங்காலம், பாய் கடையில் நிற்க இடமில்லை. துணி வாங்குகிற கூட்டம். நான் பையோடு ஓரமாக நின்றேன். அட்டைகள் தொங்குகிற கயிற்றைப் பார்த்தேன். பம்பாய் அட்டைகள் வரிசையாக இருந்தன. என்னுடையது ஒன்றுகூட இல்லை. விற்றுவிட்டதா, தூக்கி உள்ளே போட்டுவிட்டாரா என்று தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

பாயின் தங்கைதான் என்னை முதலில் பார்த்தார். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"அவரு எழுதியிருந்தாரு" என்றார். "கார்ட பாத்துட்டு, இத கடல்ல நின்னுகினு வரஞ்சது யாருன்னு கேட்டிருக்காரு. கெளம்பறப்ப கடசியா கப்பல்லேர்ந்து கர இப்டித்தான் தெரிஞ்சிதாம். அதே மாதிரி கீதுன்னு எழுதியிருக்காரு. ரூமுல எல்லார்கிட்டயும் ஆமான்னு சொல்லிட்டாராம்."

சொல்லிவிட்டு முக்காட்டைச் சரிசெய்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாய் அளவுகோலைக் கீழே வைக்காமலே கத்தினார்.

"உன்னுது தீந்து எத்தினி நாளு ஆவுது தெரியுமா? கேட்டு கேட்டு ஜனங்க என் உசுர எடுக்குது. ஆமா, பொங்கலுக்கு இன்னா போடப் போற?"

"பொங்கலுக்கு நா பெரம்பூர்ல இருப்பேன் பாய்."

"பெரம்பூர்ல இன்னா கீது?"

"வேல."

"இது இன்னா, வெளயாட்டா?" என்றார். துணி கிழிக்கிற சத்தத்தோடு தொடர்ந்தார். "சகலையாண்ட பேசிட்டேன். கல்பாக்கம் குவார்ட்டர்ஸ்ல ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு ஊருலேர்ந்து வந்து கீறான். தஞ்சாவூரு, திருநெல்வேலி, சேலம். வூடு வூடா போ. உங்க ஊருல பொங்க அன்னிக்கி இன்னா தெரியும்னு கேளு. அத போடு. சும்மா பானையும் கரும்பும் போட்டுகினு வந்தியானா தூக்கி எறிஞ்சிடுவேன். கோடு போடறது உன் வேல, வித்துக் குடுக்கறது என் வேல. வருசம் பூரா. அந்தப் பைய ஓரமா வையி, வழியில நிக்காத."

நான் பையை வைத்தேன். அப்புறம் எல்லோரோடும் கால்வாய்க் கரைக்குப் போனேன். மேற்கு முழுக்க மேகம். பிறை தெரியவே இல்லை. இருந்தாலும் யாரும் போகவில்லை. ஊரே நனைந்துகொண்டு அந்த மேகத்தைப் பார்த்து நின்றது. அதற்குப் பின்னால் அது எங்கே இருக்கும், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. வேறு எங்கோ தெரிந்துவிட்டதாக ரேடியோவில் சொன்ன பிறகுதான் கலைந்தார்கள்.

கடைசி பஸ்ஸில் வீடு வந்தேன். உங்கம்மா கதவைத் திறந்து, என்னையும் பையையும் பார்த்தாள்.

"மெட்ராஸ் பஸ்ஸ வுட்டுட்டியா?"

"வுட்டுட்டேன்."

"வுட்டியா, வுட்டுடிச்சா?"

"நாந்தான் வுட்டேன்."

அவள் பையை வாங்கினாள். "துணியெல்லாம் நனச்சிகினு வந்து கீற பாரு" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள். பெரம்பூரில் தன் அண்ணனுக்கு என்ன சொல்வது என்று கேட்கவில்லை. அதை அவளே பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் மழை விட்டிருந்தது. எங்கள் தெருவின் கோடியில், வீடுகளின் ஓடுகளுக்கு மேலே கொஞ்சம் வானம் தெரியும். உங்கம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெளிர் பச்சையில் பிறை சாய்ந்திருந்தது. உள்ளே மீதி நிலவு சாம்பலாகத் தெரிந்தது. அதுவும் தெரிகிறதா என்று கேட்டேன். அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "ஆமாய்யா, முழுசா கீது" என்றாள்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.